பழைய காலப் படங்களில் தலையும் முகமும்: எங்கே பிழைக்குது, எப்பிடித் திருத்துறது

கொக்குவில் கண்ணாடி

யாழ்ப்பாணத்தில இப்ப குறும்படம் எடுக்கிற பெடியள் கனபேர் பழைய காலக் கதைகளைத் தொடுகினம். வீட்டுக்கும் உடுப்புக்கும் மினக்கெடுகினம். தலையும் முகமும் மட்டும் கடைசிக் கிழமைக்குத் தள்ளுப்படுது. மேக்கப் போடுற ஆக்கள் ஒத்திகையிலயும் கமராவுக்கு முன்னாலயும் எது பிழைக்குது, ஏன் பிழைக்குது எண்டு கண்டதை, உங்கட புனைபேரை மேல போட்டு இந்தத் திரியில எழுதுங்கோ. புதுசாத் தொடங்கிறவைக்கு உதவும்.

முதல் பிழையை நானே சொல்லுறன். விக் வாங்க முதல், நடிக்கிற ஆளின்ர இண்டைய முகத்தைக் கழற்ற வேணும். சலூனில எடுத்த புருவம் திருப்பி நிறைய 6 தொடக்கம் 8 கிழமை பிடிக்கும். பக்கத்தை ஒட்ட வெட்டி மேல அடர்த்தியா விட்ட தலையோட 1975ஆம் ஆண்டுக் கதைக்கு வந்தா ஒண்டும் செய்யேலாது. தலைமயிர் மாசத்துக்கு ஏறக்குறைய 1.25 செ.மீ. தான் வளரும். அந்தக் காலத்துப் பெடியளின்ர மயிர் காதை மூடி நிக்கும், கிருதா காதுச் சோணை வரை இறங்கும். அதுக்குப் பக்க மயிர் 5 செ.மீ. ஆவது வேணும், அப்ப நாலு மாசம். ஆளைத் தெரிவு செய்த அண்டைக்கே "இனிப் புருவம் எடுக்காதேங்கோ, பக்கம் வெட்டாதேங்கோ" எண்டு சொல்லிப்போட வேணும். ஜெல் நகம், ஒட்டின இமை, பச்சை குத்தின புருவம் இருக்கோ எண்டும் அண்டைக்கே பாருங்கோ. பச்சை குத்தின புருவத்தைப் பூச்சால மறைக்கிறது கஷ்டம். கிட்டப் பிடிக்கிற காட்சியில அது தெரியலாம்.

சவுரி

தாடி மீசையைப் பற்றி விரிவா எழுதுறன். இஞ்ச ஆக அதிகமாப் பிழைக்கிறது அதுதான்.

ஒட்டுத் தாடிக்கெண்டு கடையில பின்னிக் கிடக்கிற கிரேப் மயிர் உண்மையில ஆட்டுமயிர்க் கம்பளி. பின்னலை அவிழ்த்த உடன ஒட்டினா சுருண்டு கிடக்கும், பஞ்சு மாதிரித் தெரியும். முதல் நாள் தேவையான அளவை வெட்டி நனைச்சு, ரண்டு கதிரை முதுகுக்கு நடுவில இழுத்துக் கட்டிக் காய விட வேணும். ஒரு இரவு போதும். அவசரம் எண்டா ஈரத் துணிக்குக் கீழ வைச்சு இஸ்திரிப் பெட்டியால ஆவி பிடிக்கலாம். முழுக்க நேராக்க வேண்டாம். கொஞ்சம் அலை இருந்தாத்தான் தாடி.

ஒரே நிறத்தில தாடி ஒருத்தருக்கும் வளர்றதில்லை. கறுப்பு எண்டாலும் ரண்டு, மூண்டு நிறத்தைக் கலக்குங்கோ. நாடிக்குக் கீழ கருமை, கன்ன ஓரத்தில மெல்லிசான மண்ணிறம். ஒட்டுறது கூரை வேயுற முறை. ஓலையைக் கீழ் வரிசையில இருந்துதானே மேல வேயிறது? அதே மாதிரி நாடிக்குக் கீழ தொடங்கி வரிசை வரிசையா மேல ஏற வேணும். மேலிருந்து இறங்கினா ஒட்டின அடி எல்லாம் வெளியில தெரியும். மீசையை வாய் ஓரத்தில தொடங்கி மூக்குக்குக் கீழ கொண்டு வந்து முடியுங்கோ. மூக்குக்கு நேர கீழ இருக்கிற பள்ளத்தில மயிரை ஐதாக்க வேணும். அங்க அடர்த்தியா ஒட்டினா உடன நாடக மீசை ஆகிடும்.

மயிரைத் தோலில ஒட்டுற ஸ்பிரிட் கம் எண்டது பிசினை அல்ககோலில கரைச்சது. பூசின உடன மயிரை வைக்கக் கூடாது. விரலால தட்டித் தட்டி, விரலை எடுக்கேக்க இழுபடுற பதம் வந்த பிறகுதான் வைக்கிறது. பிறகு ஈரத் துணியால அமத்துங்கோ, வெறும் விரலால அமத்தினா மயிர் விரலோட வந்திடும். தோலில எண்ணெய், கிரீம், வேர்வை ஒண்டும் இருக்கக் கூடாது. அல்ககோலால துடைச்சிட்டு ஒட்டுங்கோ. முதல் நாளே காதுக்குப் பின்னால ஒரு சொட்டுப் பூசி, 24 மணித்தியாலம் அரிப்போ சிவப்போ வருதோ எண்டு பாக்கிறது கட்டாயம். முந்தி எத்தினை தரம் போட்டனான் எண்டு சொல்லுற ஆளுக்கும் இது வேணும்.

மேல் உதட்டில வேர்க்கிறது பங்குனி, சித்திரையில ஆகப் பெரிய தலையிடி. மீசை எப்பவும் ஓரத்தில இருந்துதான் கிளம்பும். கிளம்பின இடத்தில கம்முக்கு மேல கம் பூசினா கட்டியாகி மினுங்கும். பழைய கம்மை எடுத்துத் துடைச்சு, அந்த இடத்தை மட்டும் புதுசா ஒட்டுங்கோ. சோளகம் அடிக்கிற மாசங்களில வெளியில எடுக்கிறதெண்டா இன்னொண்டையும் பாக்க வேணும். புழுதி காயாத கம்மில பிடிச்சு ஓரத்தில சாம்பல் கோடு விழும். உள்ளுக்கு வைச்சே ஒட்டி, நல்லாக் காய்ஞ்ச பிறகு ஆளை வெளியில விடுங்கோ.

பழைய அல்பம்

வெள்ளைக்காரப் பாத்திரம் என்றவுடன் வெள்ளைப் பொடி போட்ட சுருள் விக்கை எடுத்துத் தலையில் வைப்பதை மேடையிலும் படத்திலும் காண்கிறோம். தயவுசெய்து ஆண்டைப் பாருங்கள்.

1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவின் காலத்தில் பொடி விக் கிடையாது. குட்டையாக வெட்டிய சொந்த மயிர், மேல்நோக்கி வாரிய மீசை, கூரான தாடி. அவ்வளவுதான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தருக்குத் தோள் வரை தொங்கும் சொந்த மயிர், மெல்லிய மீசை, கீழுதட்டுக்குக் கீழே சிறு குச்சுத் தாடி. விக் ஐரோப்பாவில் பரவலானது அதற்குப் பிறகுதான். பொடி விக்குக்குப் பொருத்தமான காலம் 18ஆம் நூற்றாண்டு. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டில்தான் பிரித்தானியாவில் தலைப் பொடிக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அக்காலத் தங்க நாணயம்) வரி வந்தது. பொடி போடும் வழக்கம் விரைவாகக் குறைந்தது. படையினரின் பின்சடை 1808இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே 1820களில் அமெரிக்க மிசனரிமார் இருந்த உடுவிலையோ வட்டுக்கோட்டையையோ காட்டும் கதையில் பொடி விக் வந்தால் முழுப் பிழை. அமெரிக்க மிசனரிமாரின் மனைவியருக்கு நடு வகிடும் வெள்ளைத் தொப்பியும், ஆண்களுக்குச் சவரம் செய்த நாடியும் கன்னக் கிருதாவும் பொருந்தும். முழுத் தாடி பரவலாக வருவது 1850களுக்குப் பிறகு.

பொடி விக் உண்மையிலேயே தேவைப்படும் கதை என்றால் ஒரு நுணுக்கம். அந்தப் பொடி மா. அது கொட்டும். கோட்டுத் தோளில் மெல்லிய வெள்ளை படிந்திருக்க வேண்டும். சுத்தமான தோளுக்கு மேலே வெள்ளைத் தலை இருந்தால் அது கடையில் வாங்கிய விக் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பழைய புகைப்படம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்த பிறகு, நமக்கு வீட்டு அல்பங்களே பெரிய ஆதாரம். ஆனால் அவற்றை வாசிக்கத் தெரிய வேண்டும். 1851இல் வந்த ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாகப் பதியும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துப் போகும். எல்லா நிற ஒளியையும் பதியும் கறுப்பு வெள்ளைப் பிலிம் பொதுப் பாவனைக்கு வந்தது 1920, 30களில். அதனால் 19ஆம் நூற்றாண்டுப் படத்தில் குங்குமம் கறுப்பாகத் தெரியும், மஞ்சள் பூசிய முகம் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும், திருநீறு மட்டும் வெள்ளையாகவே இருக்கும். இதை அறியாமல் "அந்தக் காலத்தில் கறுப்புப் பொட்டு" என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, அவை ஸ்டூடியோப் படங்கள். அசையாமல் நிற்கவைத்து, தலையைப் படிய வாரி எடுத்தவை. கிணற்றடியில் நிற்கும் பெண்ணுக்கு அந்தத் தலை பொருந்தாது. நெற்றியோரத்தில் நாலு மயிராவது பறக்கட்டும்.

செம்பருத்தி

பொட்டு விசயத்தில 'பழைய அல்பம்' சொன்னதுக்குப் பின்னால என்ர பங்கு. 1950ஆம் ஆண்டுக் கதையில ஒட்டுப்பொட்டு வைக்காதேங்கோ. அச்சில வெட்டின வட்டம், ஓரம் தடிப்பு, கிட்டப் பிடிச்சா நிழலும் விழும். குங்குமத்தை விரலால வையுங்கோ. உதிராம நிக்க அடியில துளி தேன்மெழுகு தடவுறதுதான் பழைய முறை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தின்ர சிவப்பு வேற. இப்ப வாற றோஸ் கலந்த மினுக்கக் குங்குமம் கமராவில சாயம் மாதிரித் தெரியும். கறுப்புச் சாந்து வேணும் எண்டா சவ்வரிசியைக் கறுக்க வறுத்து, தண்ணி விட்டுக் காய்ச்சி வத்த வைச்சு எடுக்கலாம்.

திருநீற்றுக்குப் பதிலா வெள்ளைப் பான்ஸ்டிக் (குச்சி வடிவ மேக்கப் பூச்சு) போடுறது கண்ணுக்குக் குத்தும். உண்மையான திருநீற்றைத் தண்ணியில குழைச்சு மூண்டு விரலால இழுங்கோ. ஈரத்தில மங்கலாத்தான் இருக்கும், காய்ஞ்சாப் பிறகு வெளுக்கும். அதனால காயும் வரை பொறுத்துத்தான் கமராவை ஓட விட வேணும். இல்லாட்டி ஒரே காட்சிக்குள்ள நெற்றி நிறம் மாறும்.

இப்ப மனதில கிடக்கிற பெரிய விசயம். தோலை வெளுக்கப்பண்ணுறதை நிப்பாட்டுங்கோ. தோட்டத்தில புகையிலைக்குத் தண்ணி இறைக்கிற பெண்ணுக்கு ரண்டு நிறம் வெளுப்புக் கூடின பவுண்டேசன் போட்டா, கதையே பொய்யாகுது. நிறத்தைக் கன்னத்தில பாக்காம தாடையும் கழுத்தும் சேருற இடத்தில, பகல் வெளிச்சத்தில பாருங்கோ. வெயிலில வேலை செய்த ஆளுக்கு மூக்கு, கன்ன மேடு, பிடரி, முன்கை கறுக்கும். தலைப்பாகை கட்டுறவருக்கு நெற்றி மேல்பாதி வெளுத்திருக்கும். காலையும் மறக்காதேங்கோ. கள்ளுச் சீவல் தொழிலாளி பாத்திரம் எண்டா, மரம் ஏறக் காலில மாட்டுற தளைநார் உரஞ்சின காய்ப்புக் காலில இருக்க வேணும். திரவ லேற்றெக்சும் (றப்பர்ப் பால்) ஒற்றைப் படை ரிஷூவும் மாறி மாறி ரண்டு மூண்டு அடுக்கு வைச்சு, காய்ஞ்ச பிறகு மண்ணிறம் தொட்டா வரும்.

முத்துவெள்ளை, அரிதாரம் எண்டு கூத்துக்காரர் சொல்லுற பழைய பூச்சுப் பேருகளைக் கேட்டுட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போகாதேங்கோ. அரிதாரம் ஆசனிக் கலந்த கனிமம், நஞ்சு. மஞ்சள் பான்ஸ்டிக் அந்த நிறத்தைத் தரும்.

கொக்குவில் கண்ணாடி

குடுமிக்கு என்ன வழி? முன் தலையை மழிக்க எல்லாரும் சம்மதிக்க மாட்டினம்.

சவுரி

சம்மதிச்சா ஆக நல்லது, ஆனா மழிச்ச உடன படம் எடுக்கக் கூடாது. வெயில் படாத மண்டை முகத்தைவிட வெளுப்பா இருக்கும். காலங்காலமாக் குடுமி வைச்ச ஆளுக்கு அப்பிடி இராது. முகத்தின்ர நிறத்தை முன்மண்டைக்கும் கொண்டு போங்கோ. அதுக்கு மேல கரடுமுரடான பஞ்சால சாம்பல் நீலத்தை மெல்லமாக் குத்துங்கோ, ரண்டு நாள் முளைச்ச மயிர் மாதிரி வரும். அந்தக் காலத்தில நாளாந்தம் சவரம் செய்யாத ஆக்கள் கனபேர். நாடியிலயும் அதே குத்து வேணும்.

மழிக்க மாட்டார் எண்டா முன்பாதிக்கு மொட்டைத் தொப்பி. அதின்ர ஓரத்தைக் கத்தரிக்கோலால நேரா வெட்டாதேங்கோ. பிளாஸ்ரிக் தொப்பி எண்டா அசிற்றோன் தொட்ட பஞ்சால ஓரத்தைக் கரைச்சுத் தோலோட சேர்க்கலாம், கண்ணுக்குக் கிட்ட கொண்டு போகாம. லேற்றெக்ஸ் தொப்பி அப்பிடிக் கரையாது, ஓரத்தில திரவ லேற்றெக்ஸ் தடவித்தான் சேர்க்கிறது. நெற்றியோரத்தில லேஸ் (மெல்லிய வலைத்துணி) வைச்ச விக்குக்கும் இதே கதைதான். லேசை நேர்கோட்டில வெட்டினா நெற்றியில கோடு தெரியும். வளைஞ்சு நெளிஞ்சு வெட்டுங்கோ.

பின்னால சவுரி சேர்க்கிறதுக்குச் சொந்த மயிர் 3 அங்குலமாவது இருந்தாத்தான் பின் பிடிக்கும். செயற்கை மயிர் நைலோன் மினுக்கம் காட்டும், ரல்கம் பவுடர் கொஞ்சம் தட்டி அந்த மினுக்கத்தைக் குறைக்கலாம்.

செம்பருத்தி

எண்ணெய் வைச்ச தலைக்கு ஒரு குறிப்பு. நெற்றியோரம் ஒரு அங்குலத்துக்கு எண்ணெய் படக் கூடாது, பட்டா விக்கும் நிக்காது, பூச்சும் வழியும். அங்க ஜெல் போட்டுப் படிய வையுங்கோ, எண்ணெய் அதுக்குப் பின்னால. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில உறையும். ஏசி அறையில மேக்கப் போட்டா மயிரில வெள்ளை வெள்ளையாத் திரண்டு பொடுகு மாதிரித் தெரியும். நல்லெண்ணெய்க்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வயசுபோன ஆளுக்கு நரை வைக்கேக்க சுத்த வெள்ளை போட்டா கறுப்பு மயிரில நீலம் பாயும். துளி மஞ்சள் கலந்த வெண்கிரீமைப் பழைய பல்தூரிகையால, மயிர் வளர்ற திசைக்கு எதிராத் தொட்டு இழுங்கோ. காதுக்கு முன்னால இருக்கிற நெற்றிப் பொட்டில நரை தொடங்கிறது இயல்பு. சுருட்டுக் குடிக்கிற கிழவர் எண்டா நரைச்ச மீசையின்ர நடுவில பழுப்பு வேணும். வெற்றிலை போடுற வாய்க்குப் பல்லுக்கெண்டு விக்கிற நிறம் மட்டும் பாவியுங்கோ. பல்லை ரிஷூவால உலர்த்தி, உதட்டை விலக்கிப் பிடிச்சு, ஈறை ஒட்டின இடுக்குகளில கூடவும் முன்பக்கத்தில குறையவும் பூசி, காயும் வரை வாயை மூட விடாதேங்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு திருப்பிப் பூச வேண்டி வரும். அதனால பல்லுத் தெரியிற காட்சிகளை மத்தியானத்துக்கு முதல் எடுத்து முடிக்கச் சொல்லி இயக்குநரிட்ட கேளுங்கோ.