பள்ளத்தூரில் டிடி ஃப்ரீ டிஷ்: ஸ்ட்ரெங்த் 90, குவாலிட்டி பூஜ்யம்

ஆயாவீட்டுப்பேரன்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் ஆயா தனியாகத்தான் இருக்கிறார், நாங்கள் எல்லாம் ஆளுக்கொரு ஊரில். மாதா மாதம் டிவிக்கு யார் ரீசார்ஜ் பண்ணுவது என்பதில் நானும் என் தம்பியும் ஒருவரை ஒருவர் நம்பி, கடைசியில் இரண்டு பேருமே பண்ணாமல் விட்டுவிடுகிறோம், ஆயா போன் போட்டு "படம் வரலைடா" என்று சொன்ன பிறகுதான் ஞாபகமே வருகிறது. சரி, தூர்தர்ஷனின் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் போட்டுவிடலாம் என்று காரைக்குடியில் ஒரு பெட்டி மட்டும் வாங்கி வந்தேன். டிஷ் ஏற்கெனவே மொட்டை மாடியில் இருக்கிறது, பழைய டாடா ஸ்கை டிஷ், அதே எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் முனை), அதே வயர்.

பெட்டியை மாட்டியதும் சிக்னல் பக்கத்தில் ஸ்ட்ரெங்த் 90 காட்டுகிறது, குவாலிட்டி பூஜ்யம். டிஷ்ஷைக் கிழக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஸ்ட்ரெங்த் அசையவே இல்லை, 90லேயே நிற்கிறது, குவாலிட்டியும் அசையவில்லை. தென்கிழக்கில் பங்காளி வீட்டு மாடி எங்கள் மாடியைவிட உயரம், அது மறைக்கிறதோ என்று சந்தேகம். டிஷ்ஷை இடம் மாற்றுவதென்றால் கைப்பிடிச் சுவரில் துளை போட வேண்டும், அது பழைய சுண்ணாம்புச் சுவர், துளை போட்டால் ஆயா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். என்ன செய்யலாம்?

புதுவயல் வயர்மேன்

தம்பி, முதலில் அந்த ஸ்ட்ரெங்த்தை மறந்துவிடுங்கள். எல்என்பிக்கு மின்சாரம் போய், வயர் அறுபடாமல் இருந்தாலே ஸ்ட்ரெங்த் 80, 90 என்று காட்டும், டிஷ்ஷைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாலும் காட்டும். உங்களுக்கு அதனால் தெரிவது ஒன்றுதான், வயரும் எல்என்பியும் உயிரோடு இருக்கின்றன. பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டும். அது சரியான செயற்கைக்கோளைப் பிடித்து, சரியான டிரான்ஸ்பாண்டரில், அதாவது அந்தச் செயற்கைக்கோள் சேனல்களை அனுப்பும் அலைவரிசையில், லாக் ஆனால்தான் எழும்பும், அதுவரை பூஜ்யம்தான்.

மாடிக்குப் போகும் முன்னால் பெட்டியில் இதைச் சரி பாருங்கள். எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600. டிரான்ஸ்பாண்டர் 11090, வெர்ட்டிக்கல், சிம்பல் ரேட் 29500. டைசெக் (பல எல்என்பிக்கு நடுவே மாற்றும் சுவிட்ச்) ஆஃப். சில பெட்டியில் ஹரிசாண்டல் என்று கிடக்கும், அப்படி இருந்தால் பெட்டி 13 வோல்ட்டுக்குப் பதிலாக 18 வோல்ட் அனுப்பும், எல்என்பி வேறு பக்கத்து அலையை வாங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் நாள் முழுக்க டிஷ்ஷைத் திருப்பினாலும் ஒன்றும் வராது.

அப்புறம் திசை. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து, அது நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி. டாடா டிஷ் பார்ப்பது 83 டிகிரி. பத்து டிகிரிதானே என்று நினைத்து லேசாகத் திருப்பினால் கிடைக்காது, நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இரண்டும் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கின்றன, அதனால் மேலே பத்து டிகிரி நகர்ந்தால் கீழே திசைகாட்டியில் முப்பது டிகிரிக்கு மேல் நகரும். காரைக்குடி வட்டாரத்துக்கு 83 என்பது வடக்கிலிருந்து 157 டிகிரி திசை, அடிவானத்திலிருந்து உயரம் 77 டிகிரி. 93.5 என்பது 124 டிகிரி திசை, உயரம் 69. ஆக டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தால் இடது கைப்பக்கம் 33 டிகிரி திருப்ப வேண்டும், 8 டிகிரி இறக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். உயரத்தை இறக்கி போல்ட்டை லேசாக இறுக்கிவிட்டு, இடவலம் மட்டும் திருப்புங்கள், அதுவும் விரல் அகலம் திருப்பி, இரண்டு மூன்று மூச்சு நின்று பார்த்து, மறுபடி திருப்புங்கள். பெட்டி லாக் ஆக நேரம் எடுக்கும், வேகமாகத் திருப்பினால் செயற்கைக்கோளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பீர்கள். போனில் திசை பார்ப்பதாக இருந்தால் இரும்புக் கம்பத்தைவிட்டு நாலு அடி தள்ளி நின்று பாருங்கள், பக்கத்தில் வைத்தால் அது பொய் சொல்லும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எல்என்பியையும் அதன் கிளிப்புக்குள் சுழற்ற வேண்டும். 83க்கு வைத்த எல்என்பி ஏறத்தாழ 22 டிகிரி சாய்ந்திருக்கும், 93.5க்கு ஏறத்தாழ 55 டிகிரி வேண்டும், பின்னால் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். டிஷ்ஷை மட்டும் திருப்பிவிட்டு எல்என்பியை அப்படியே விட்டால் குவாலிட்டி 10, 15 என்று இழுத்துக்கொண்டு நிற்கும், படம் கட்டம் கட்டமாக உடையும். கணக்கு கிடக்கட்டும், கிளிப்பைத் தளர்த்தி, குவாலிட்டி எங்கே அதிகமோ அங்கே இறுக்குங்கள்.

ஆயாவீட்டுப்பேரன்

அண்ணே ரொம்ப நன்றி, பெட்டியில் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, எல்என்பியைத்தான் நான் தொடவே இல்லை. ஆனால் அந்த மாடி மறைக்கிறதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? டிஷ் பார்க்கிற பக்கம் நேராகப் பார்த்தால் பங்காளி வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.

மொட்டைமாடி வானியல்

டிஷ் பார்க்கிற பக்கம் நேராகப் பார்க்கக் கூடாது, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வீட்டில் மாட்டும் டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை, எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். தட்டு பார்க்கிற திசையைவிட அலை ஏறக்குறைய 24 டிகிரி மேலிருந்து வருகிறது. உங்கள் ஊரில் செயற்கைக்கோள் 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது என்றால் தட்டு 45 டிகிரிதான் சாய்ந்திருக்கும், பார்க்கிறவருக்கு அது சுவரைப் பார்ப்பதுபோலத்தான் தோன்றும். உண்மையில் 69 டிகிரி என்பது கிட்டத்தட்ட உச்சி. பத்து அடி உயரச் சுவராக இருந்தாலும் அதிலிருந்து நாலைந்து அடி தள்ளி டிஷ் இருந்தால் மறைக்காது. டெல்லிக்காரருக்கு அது இன்னும் தாழ்வாக நிற்கும், இந்தச் சலுகை கிடையாது.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் சூரியனை வைத்தே பார்க்கலாம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் காலை 11 மணிவாக்கில் சூரியன் அந்தச் செயற்கைக்கோள் நிற்கிற இடத்துக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் டிஷ்ஷின் மேல் நிழல் இல்லாமல் வெயில் விழுந்தால் எந்தச் சுவரும் மறைக்கவில்லை என்று அர்த்தம். அதே நாட்களில் அதே நேரத்தில் கொஞ்ச நிமிடம் படம் போய்விட்டுத் திரும்பவும் வரும், சூரியனின் இரைச்சல் நேராக எல்என்பிக்குள் இறங்குவதால் அப்படி, யாரும் டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம்.

கானாடுகாத்தான் ஆச்சி

டிஷ்ஷைத் திருப்புவது இருக்கட்டும் தம்பி, ஆயாவிடம் என்ன பார்க்கிறார் என்று கேட்டீர்களா? நான் என் மாமியாருக்கு இதே ஃப்ரீ டிஷ் போட்டுக் கொடுத்தேன், அதனால் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரை வரை வரிசையாக சீரியல் பார்க்கிறவராக இருந்தால் இது ஆகாது. சன், விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டணச் சேனல், ஃப்ரீ டிஷ்ஷில் வராது. தமிழ் என்று நம்பிப் போனால் டிடி தமிழ்தான், அதாவது நம் பழைய பொதிகை, 2024 ஜனவரியில் பெயர் மாற்றினார்கள். மற்றதெல்லாம் அநேகமாக இந்திதான், சேனல் இடங்களைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஏலத்தில் விடுகிறது, அதில் பணம் போட்டு வாங்குகிறவர்களும் பெரும்பாலும் இந்திச் சேனல்காரர்கள்தான். எங்கள் மாமியார் இந்தி பக்திப் படத்தைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்க்கிறார், கிருஷ்ணர் எந்த மொழியில் பேசினால் என்ன என்கிறார். உங்கள் ஆயா அப்படிச் சொல்வாரா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்லதும் இருக்கிறது. இந்தியா நம் நாட்டில் ஆடும் ஒருநாள் போட்டி, இருபது ஓவர் போட்டி எல்லாம் டிடி ஸ்போர்ட்ஸில் காசில்லாமல் வரும், அதற்கென்றே 2007இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அதற்கு உதவும். வானொலியும் அதே பெட்டியில் வரும்.

தேவகோட்டை சி பேண்ட்

ஆச்சி சொல்வது சரிதான், ஆனால் இலவசம் என்றாலே ஃப்ரீ டிஷ் மட்டும்தான் என்று முடித்துவிடாதீர்கள். இடம் இருக்கிறவர்களுக்கு சி பேண்ட், அதாவது பெரிய டிஷ் வைத்துப் பிடிக்கும் வேறு அலைவரிசை, இருக்கிறது. 6 அடி, 8 அடி டிஷ், எல்என்பி 5150, மழைக்கு அசையாது. சில தமிழ்ச் செய்திச் சேனல்கள், பக்திச் சேனல்கள் பூட்டில்லாமல் இறங்குகின்றன, ஆனால் இன்றைக்குத் திறந்திருப்பது நாளைக்குப் பூட்டிக்கொள்ளலாம், அந்தப் பொறுமை வேண்டும். செட்டிநாட்டு வீட்டு மாடிக்கு 8 அடி டிஷ் ஒரு பொருட்டே இல்லை, கல்யாணப் பந்தலே போடுகிற இடம் அது. எண்பதுகளில் கொழும்பு ரூபவாஹினியைப் பிடிக்க இந்தப் பக்கத்து மாடிகளில் எத்தனை அடி குழாய் நின்றது என்பது பெரியவர்களுக்குத் தெரியும், வாசல் பக்கமிருந்து ஒருவர் "வருது வருது, நிறுத்து" என்று கத்த, மேலே ஒருவர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆயாவுக்கு இதைச் சொல்லவில்லை, வேலை அதிகம். தம்பிக்குச் சொல்கிறேன்.

ஆயாவீட்டுப்பேரன்

வந்துவிட்டது! உயரத்தை இறக்கி, இடது பக்கம் நன்றாகத் திருப்பியதும் குவாலிட்டி 20க்கு வந்து அதற்கு மேல் ஏற மறுத்தது. கிளிப்பைத் தளர்த்தி எல்என்பியைச் சுழற்றியதும் மடமடவென்று 60ஐத் தாண்டிவிட்டது. தம்பி கீழே வளவில் நின்று எண்ணைக் கத்திக்கொண்டே இருந்தான், ஆயா முகப்பில் உட்கார்ந்து யாருக்கு ஏலம் விடுகிறீர்கள் என்று கேட்டார். பங்காளி வீட்டு மாடி எதையும் மறைக்கவில்லை.

ஆச்சி கேட்டதை ஆயாவிடம் கேட்டேன். சீரியல் இரண்டு அவருக்கு வேண்டுமாம், அதை விடமுடியாதாம். ஆகவே பழைய பெட்டியையும் வைத்துக்கொண்டு சின்ன பேக் ஒன்று மட்டும் போடலாம் என்று இருக்கிறோம், அதற்கு இன்னொரு டிஷ் வேண்டுமா? அல்லது இதே டிஷ்ஷில் இரண்டு எல்என்பி வைக்கலாமா? இன்னொரு தொல்லை, மயில். குன்றக்குடிப் பக்கம் மட்டும்தான் மயில் என்று நினைத்தேன், எங்கள் மாடியிலும் காலையில் வந்து டிஷ் விளிம்பில்தான் உட்காருகிறது.

புதுவயல் வயர்மேன்

83க்கும் 93.5க்கும் ஒரே டிஷ் வேண்டாம் தம்பி. 60 சென்டிமீட்டர் தட்டில் பத்து டிகிரி தள்ளி இரண்டாவது எல்என்பி வைத்தால் வெயில் நாளில் வரும், ஐப்பசி மழையில் ஓடிவிடும். இந்தச் சின்ன டிஷ்கள் பிடிக்கும் கேயூ பேண்ட் அலைக்குக் கனமழைதான் எதிரி, அதனால் இரண்டுக்குமே குவாலிட்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். பழைய டிஷ் எந்தக் கடையிலும் கிடைக்கும், தனியாக ஒன்று வாங்குங்கள்.

சுவரில் துளை வேண்டாம் என்றீர்கள் அல்லவா, 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் இரண்டு அங்குலக் குழாயை நட்டு கான்கிரீட் ஊற்றிவிடுங்கள், ஊற்றும்போது குழாய் செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், குழாய் சாய்ந்தால் டிஷ்ஷில் இருக்கிற டிகிரிக் கோடு எதற்கும் ஆகாது. டப்பாவுக்கு அடியில் பழைய ரப்பர் பாய் போடுங்கள், மாடித் தரை ஓடு உடையாது. காற்றுக்கு நகராமல் இருக்கச் சுற்றி நாலு செங்கல்.

மயிலுக்கு நான் பார்த்த ஒரே வழி, விளிம்பின் மேல் பக்கம் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுவது, கால் வைக்க வசதி இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கும். கம்பி கட்டாதீர்கள், முகத்துக்குக் குறுக்கே உலோகம் வந்தால் சிக்னல் குறையும். எப்படியும் உட்காரத்தான் போகிறது, அதனால் போல்ட் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, டிஷ் இப்போது நிற்கிற இடத்தைக் கம்பத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை அசைந்தால் ஆயாவே யாரையாவது கூப்பிட்டுக் கோட்டோடு கோடு சேர்க்கச் சொல்லலாம், நீங்கள் சென்னையிலிருந்து வரவேண்டாம்.

துருப்பிடித்த போல்ட்டை இப்போதே மாற்றிவிடுங்கள். துருவைப் பற்றியும் ஆராய்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை மத்திய அரசு காரைக்குடியிலேயே வைத்திருக்கிறது, இருந்தும் இங்கே எந்த மாடியிலும் துருப்பிடிக்காத போல்ட்டை நான் கழற்றியதில்லை. எல்என்பி முனையில் வயர் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து அப்புறம் மேலே போகட்டும், தண்ணீர் வழிந்து கீழேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது. கம்பத்துக்கு எர்த் கம்பி கட்டாயம். இடி இடிக்கும்போது பெட்டியிலிருந்து வயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.