2009-ஆம் வருட ஹள்ளிகார் சினை ஊசிக் குச்சி: பழையது என்பதால்தான் சினை நிற்கவில்லையா?

ஆனேக்கல் மாட்டுக்காரர்:
வணக்கம். பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் மாடு வளர்க்கிறோம். ஹள்ளிகார் என்ற கர்நாடக நாட்டு மாட்டினத்தில் நல்ல காளை ஒன்றின் உறைவிந்துக் குச்சிகள் (உறைய வைத்த விந்தை அடைத்த மெல்லிய குழாய்கள்), எங்களுக்குச் சினை ஊசி போடுபவரின் திரவ நைட்ரஜன் கேனில் இருக்கின்றன. குச்சியில் அச்சடித்த வருடம் 2009. காளை செத்துப் பல வருடம் ஆகிறது. அதன் வம்சம் எங்கள் தொழுவத்தில் தொடர வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஆனால் இந்தக் குச்சி போட்ட மாடுகள் எல்லாம் மறுபடி பருவத்துக்கு வந்துவிடுகின்றன. இத்தனை வருடம் வைத்திருந்ததில் வீரியம் போயிருக்குமா?

கால்நடை மருத்துவர், எலஹங்கா:
ஐயா, வயதை மட்டும் வைத்துக் குச்சியைத் தள்ளிவிடாதீர்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அந்தக் குளிரில் உயிரணு அப்படியே நின்றுவிடும், முதுமையும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 1968-ல் உறைய வைத்த கிடா விந்தை ஐம்பது வருடம் கழித்து 56 ஆடுகளுக்குப் போட்டார்கள். 34 ஆடுகள் சினையாயின. சமீபத்தில் உறைய வைத்த விந்திலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இழப்பு உறைய வைக்கும்போதே நடந்துவிடுகிறது. அதனால்தான் கரைத்த பிறகு பாதி உயிரணுக்களாவது நீந்த வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பயப்பட வேண்டியது இடையில் ஏறும் சூட்டுக்குத்தான். சுமார் மைனஸ் 130-க்கு மேல் போனால் நுண்ணிய பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி உயிரணுவின் சவ்வைக் கிழிக்கும். திரும்ப நைட்ரஜனில் முக்கினாலும் கிழிந்தது கிழிந்ததுதான்.

ஹொசகோட்டே ஊசிக்காரர்:
டாக்டர் சொல்வது சரி அண்ணா. 0.25 மில்லி குச்சி, வெளிக்காற்றில் நொடிகளில் சூடேறிவிடும். குச்சியைத் தேடும்போது கேன் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அப்புறம் கரைப்பது: 37 டிகிரித் தண்ணீரில் 30 நொடி. உள்ளங்கையில் உருட்டிக் கரைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆனேக்கல் மாட்டுக்காரர்:
கேட்டுப் பார்த்தேன். ஒரு கோடையில் நைட்ரஜன் வண்டி தாமதமாகி, கேனில் அடியோடு வற்றும் நிலைக்குப் போனதாம். கரைப்பதெல்லாம் முறையாகத்தான் செய்கிறார்.

கால்நடை மருத்துவர், எலஹங்கா:
அப்போது எனக்குச் சந்தேகம் அந்தக் கோடையின் மேல்தான். ஒரு குச்சியைத் தியாகம் செய்யுங்கள்: கரைத்து, சூடான கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். அசைவே இல்லை என்றால் கூட இருந்த குச்சிகளையும் நம்ப முடியாது. அசைவு நன்றாக இருந்தாலும் கருத்தரிப்புக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் முயற்சி செய்யலாம்.

இன்னொன்று. ஏற்கெனவே சினை நிற்காத மாட்டுக்கு இந்த அரிய குச்சியைப் போட வேண்டாம். அதற்குக் கருப்பைப் புண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சீராகப் பருவத்துக்கு வரும், கன்று ஈன்று தேறிய மாடாகத் தேர்ந்தெடுங்கள். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில் போடுங்கள், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். மீதிக் குச்சிகளை, நைட்ரஜன் மட்டம் தவறாமல் அளக்கும் வேறு கேனுக்கு இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.