அமுக்குவான் பேய்: உடம்பு சொல்வதை நம்புவதா, புத்தகம் சொல்வதை நம்புவதா?

திருச்சிக்காரன்:

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். 2004, பொறியியல் மூன்றாம் ஆண்டு, செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய ஸ்டடி லீவ். மூன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலில் மல்லாந்து விழுந்தேன். எவ்வளவு நேரம் போனதோ, விழித்துக்கொண்டேன். விழித்தேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், ஏனென்றால் ஃபேன் சுற்றுவது தெரிந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் அது போடும் டக் சத்தம் கேட்டது, வராந்தாவில் என் ரூம்மேட் யாரிடமோ நோட்ஸ் கேட்டுக்கொண்டிருந்த குரல்கூடத் தெளிவாகக் கேட்டது. கையும் காலும் மட்டும் அசையவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றான். முகம் கிடையாது, கறுப்பு, கதவு உயரம். அவன் நகர்ந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் அடுத்த நொடி நெஞ்சின் மேல் கனம். அரிசி மூட்டையை வைத்த மாதிரி. கத்தினேன், சத்தம் வரவில்லை. அப்புறம் திடீரென்று எல்லாம் விட்டுப்போய், வியர்வையில் நனைந்த பனியனோடு எழுந்து உட்கார்ந்தேன்.

வாட்ச்மேன் தாத்தாவிடம் சொன்னதும், அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த புளியமரத்தைக் காட்டி "அமுக்குவான் தம்பி, தலைமாட்டில் ஓர் இரும்பை வை" என்றார். ரூம்மேட் அதைக் கேட்டுவிட்டு, பேயெல்லாம் இல்லை, புளியமரம் ராத்திரியில் கரியமில வாயு விடும், அதனால்தான் மூச்சு முட்டுகிறது, இதுதான் அறிவியல் என்றான். நானும் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்கு நடந்தது மத்தியானம் இரண்டரை மணிக்கு என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை!

ஆறு வருஷம் கழித்துச் சென்னையில் நான்காவது மாடி வீட்டில், சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், அதே ஆள் வந்தான். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பேயும் இல்லை, மரமும் இல்லை என்றால் என் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. பிறகு ஒரு மருத்துவர் சொல்லித்தான் தூக்கப் பக்கவாதம் என்ற பெயரே தெரிந்தது. அவர் விளக்கியது எல்லாம் புரிந்தது, ஆனால் அந்தக் கனத்தை நான் உணர்ந்தேனே, அதை என்ன செய்வது? உங்களுக்கு நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பணி செவிலி:

அண்ணா, எனக்கு இதுவரை முப்பது தடவையாவது வந்திருக்கும். மாசத்தில் பத்து நாள் நைட் ட்யூட்டி, காலையில் எட்டரைக்கு வந்து பகலில் தூங்குகிறவள் நான். படிக்கும்போதே இதன் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் தடவை அலறினேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தூக்கத்தில் கண் மட்டும் வேகமாக உருளும் ஒரு கட்டம் இருக்கிறது, ரெம் தூக்கம் என்பார்கள். 1953இல் சிகாகோவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கனவு அதிகம் வருவது அந்தக் கட்டத்தில்தான், அப்போது மூளைத்தண்டு உடம்பின் தசைகளை எல்லாம் தளர்த்திவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிற ஆள் நிஜமாகவே எழுந்து ஓடுவார். பிரான்சில் மிஷேல் ஜூவே என்ற ஆய்வாளர் பூனைகளில் அந்தப் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, அவை தூங்கிக்கொண்டே எழுந்து இல்லாத எலியின் மேல் பாய்ந்தன. நமக்கு வருவது இதற்கு நேர்மாறு: மனசு விழித்துவிடுகிறது, தசைப் பூட்டு இன்னும் திறக்கவில்லை, கனவும் முழுசாகக் கலையவில்லை. கண் நிஜ அறையைப் பார்க்கிறது, கனவு அதற்குள் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதனால்தான் உங்கள் ஃபேனும் நிஜம், ரூம்மேட் குரலும் நிஜம்.

நெஞ்சுக் கனத்துக்கும் காரணம் உண்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் மட்டும் பூட்டப்படுவதில்லை, அது தன்பாட்டுக்கு மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். விலாத் தசைகள் தளர்ந்து கிடப்பதால், பயத்தில் நாம் ஓர் ஆழமான மூச்சு இழுக்கப் பார்த்தால் நெஞ்சு நம் பேச்சைக் கேட்காது. கேட்காத நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு தெரிந்தும் எனக்குச் சமாதானமாகவில்லை. ஒவ்வொரு தடவையும் அறைக் கதவு திறப்பதைப் பார்ப்பேன், கீல் முனகுவதைக் கேட்பேன். கடைசியில் ஒரு காரியம் செய்தேன். ஃபோனை நாற்காலியில் சாய்த்து வைத்து, படுக்கையும் கதவும் தெரிகிற மாதிரி, தூங்கும்போதெல்லாம் வீடியோ எடுத்தேன். பதினோராம் நாள் வந்தது. பூட்டு விட்டதும் முதல் வேலையாக ஃபோனை எடுத்துப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். நான் மல்லாந்து கிடக்கிறேன், கண் பாதி திறந்திருக்கிறது. போர்வை வயிற்றுப் பக்கம் ஒரே சீராக ஏறி இறங்குகிறது. மூச்சு நின்றுவிட்டது என்று நான் துடித்துக்கொண்டிருந்த நேரம் அது! கதவு மூடியே இருக்கிறது. அதன் கொக்கியில் என் துப்பட்டா தொங்குகிறது, அதுகூட ஆடவில்லை. கண் திறந்ததிலிருந்து நான் எழுந்து உட்கார்ந்த வரை மொத்தம் 47 விநாடி. எனக்குப் பத்து நிமிஷம் மாதிரி இருந்தது.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதற்குப் பிறகும் வருகிறது, பயமும் வருகிறது, ஆனால் அந்தத் துப்பட்டா ஞாபகத்துக்கு வந்துவிடும். உடம்பு முழுவதையும் உதறி எழப் பார்க்காமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார்ப்பேன், சீக்கிரம் விட்டுவிடும்.

புதுக்கோட்டை பெரியவர்:

எனக்கு 71 வயது. செவிலியர் தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன், நன்றாகப் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பத்தா இதற்கு மூன்று காரியம் சொல்லும்: மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு. நேரத்தோடு படு. தலைமாட்டில் அரிவாள் வை. இப்போது மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டால், மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும்தான் இது அதிகம் வருகிறதாம். அப்படியானால் அப்பத்தா சொன்ன மூன்றில் இரண்டு சரிதானே? ராத்திரியில் பேய் நெஞ்சில் உட்காரும், அதற்கு இடம் கொடுக்காதே என்பதுதான் அது சொன்ன காரணம். காரணம் தப்பு, பலன் சரி. எத்தனையோ தலைமுறை படுத்துப் பார்த்து, எப்படிப் படுத்தால் வருகிறது என்று தங்கள் உடம்பால் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பைப் பேயோடு சேர்த்துத் தூக்கி எறிவது எனக்குச் சம்மதமில்லை.

இந்தப் பேய் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்று என் பேத்தி படித்துக் காட்டினாள். ஜப்பானில் கனாஷிபாரி என்கிறார்களாம், கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் கிழவி வந்து நெஞ்சில் உட்காருவாளாம். கடல் தாண்டி, மொழி தாண்டி, ஒரே கனம். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அத்தனை பேரும் பொய் சொல்லவில்லை, அத்தனை பேருக்கும் ஒரே உடம்பு.

மில்காரன், கோவை:

புளியமரக் கதையை முதலில் முடித்துவிடலாம். களத்துமேட்டில் புளியமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டு இரண்டு கோடை முழுக்கத் தூங்கியிருக்கிறேன், ஒரு நாள்கூட வந்ததில்லை. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் போக ஆரம்பித்த பிறகுதான் வந்தது. ராத்திரியில் எல்லா மரமும்தான் கரியமில வாயு விடுகிறது, புளி மட்டும் இல்லை. வெட்டவெளியில் அது கலைந்துபோகும். கதவைச் சாத்திய ரூமில் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதன் விடுவதே நமக்கு அதிகம் வந்து சேரும். பேய் கதையைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் இந்த வாயுக் கதையை மட்டும் அறிவியல் என்று மேடையில் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதையும் யாரும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது என் மச்சானைப் பற்றி. அவனுக்கு வாரத்தில் நாலு நாள் அமுக்கும். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவான். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஜோக் சொல்ல, சிரித்தவன் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான், நினைவெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் பேய் என்றே முடிவு கட்டி, இரண்டு வருஷம் கோயில், மந்திரம், தாயத்து. அவனும் நம்பினான், ஏனென்றால் அவன்தான் பார்க்கிறானே, ஒரு பெண் உருவம் காலடியில் நிற்பதை. அந்த இரண்டு வருஷமும் அவன் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் வண்டி சாலையை விட்டு இறங்கி வயலுக்குள் நின்றது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் குலசாமி புண்ணியம். அப்புறம்தான் நரம்பு டாக்டரிடம் போனோம். இவன் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவர் மறுக்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தது, சிரித்தால் மட்டும்தான் கால் மடங்குகிறதா, கோபம் வந்தாலும் மடங்குகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு ராத்திரி ஒயர் ஒட்டித் தூங்க வைத்து, மறுநாள் பகலிலும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். நார்கோலெப்ஸி என்றார்கள், தூக்கத்தையும் விழிப்பையும் மூளையால் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நோய். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், வண்டி ஓட்டுவதில்லை, கடை வைத்திருக்கிறான்.

எப்போதாவது ஒரு தடவை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அடிக்கடி வந்து பகலிலும் தூக்கம் தள்ளினால் தயவுசெய்து டாக்டரிடம் போங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் கட்டாயம் போங்கள்.

திருச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2011இல் வந்திருக்கிறது. பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், மாணவர்களில் நூற்றுக்கு இருபத்தெட்டு. எங்கள் ஹாஸ்டலில் எத்தனை பேர் யாரிடமும் சொல்லாமல் பயந்து கிடந்திருப்பார்கள் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

இதை ஆரம்பித்ததற்குக் காரணம் என் மகள், ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் விடியற்காலையில் எங்கள் அறைக்கு ஓடிவந்து, யாரோ நெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லி அழுதாள். எனக்கு உடனே ரெம், தசை என்று ஆரம்பிக்க வாய் வந்தது. செய்யவில்லை. எங்கே நின்றது, என்ன உயரம், எந்தப் பக்கம் படுத்திருந்தாய் என்று கேட்டேன். கேட்கக் கேட்க அழுகை நின்றது. எனக்கு வந்ததையும் சொன்னேன். "அப்போ நான் பார்த்தது நிஜம் இல்லையாப்பா?" என்றாள். "நீ பார்த்தது நிஜம்மா, அங்கே ஆள் இருந்ததா என்பது வேற கேள்வி, அதை நாம் பார்க்கலாம்" என்று சொல்லி, பழைய கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்து, இனி வந்தால் உடனே எழுதி வை என்றேன்.

நேற்று அந்த நோட்டைத் தானாகக் கொண்டுவந்து காட்டினாள். பென்சிலில் எழுதியிருந்தாள்: செவ்வாய், 5.10, மல்லாந்து, கதவுப் பக்கம் ஓர் ஆள், தொப்பி மாதிரி. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: எழுந்து போய்ப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டே இருந்தது.