வற்றாப்பளை உப்புத்தண்ணி விளக்கும், ஆய்வு எழுதுறவரின்ரை நம்பிக்கையும்

முள்ளியவளைப்பிள்ளை:
கம்பஸ் கடைசி வருச ஆய்வுக்கு முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை எடுத்திருக்கிறன். சிலாவத்தைக் கடலிலை தீர்த்தமெடுத்து, காட்டா விநாயகர் கோயிலிலை அந்த உப்புத்தண்ணியிலை விளக்கெரிக்கிறதை "அம்மன்ரை அற்புதம்" எண்டு எழுதினன். கம்பஸிலை அதை "பக்தர் அப்படிக் கருதுவர்" எண்டு மாத்தட்டாம். பாத்து வளந்த எனக்கு அது பொய் எழுதுற மாதிரிக் கிடக்கு.

வவுனியாவாசகன்:
மாத்துங்கோ தங்கச்சி. சமயங்களை வெளியிலை நிண்டு படிக்கிற சமயவியல் வேறை, நம்பிக்கைக்குள்ளை நிண்டு கடவுளைப் பற்றிப் படிக்கிற இறையியல் வேறை. 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்திலை நினியன் ஸ்மார்ட் சமயவியல் துறையைத் தொடங்கேக்கை, தெய்வம் உண்டோ இல்லையோ எண்டதைத் தள்ளி வைச்சிட்டுச் சடங்கு, கதை, அனுபவம் எல்லாத்தையும் படிக்கிறதுதான் வழியா இருந்தது. சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் ஆய்வுக்குள்ளை கடவுள் இல்லாத மாதிரியே எழுதவேணும் எண்டவர். ஸ்மார்ட் அதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. அம்மனை மறுக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை.

நெடுங்கேணிச்சைவன்:
தள்ளி வைக்கிறதும் ஒரு பக்கம் சாயிறதுதான் தம்பி. 13ஆம் நூற்றாண்டிலை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் எண்ட சைவ சித்தாந்த நூலின்ரை பரபக்கத்திலை, அதாவது பிற மதங்களைப் பற்றின பகுதியிலை, கடவுளை ஏற்காத உலகாயதர், பௌத்தர், சமணர் எல்லாற்றை கொள்கையையும் முதல் எடுத்துச் சொல்லிப்போட்டுத்தான் மறுக்கிறார். தான் சைவன் எண்டதை ஒளிக்கேல்லை. காட்சி (நேரிலை காணுறது), கருதல் (ஊகிக்கிறது), உரை (நூல் வாக்கு) எண்டு, அறியிற வழிகளான அளவைகளை வைச்சு வாதாடுறார். இது ஆய்வில்லையோ? விளக்குக்குப் பக்கத்திலை நிண்ட ஆச்சியின்ரை காட்சியை வெறும் கருத்தெண்டு பதிய ஆருக்கு உரிமை?

வவுனியாவாசகன்:
அண்ணை, மறுக்கிறதுக்குப் படிக்கிறது ஒண்டு, விளங்கிறதுக்குப் படிக்கிறது இன்னொண்டு. இதே கண்ணகியைச் சிங்கள பௌத்தர் பத்தினித் தெய்வமாக் கும்பிடுகினம். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984இலை அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினவர். எந்த அம்மன் மெய் எண்டு துவங்கினால் ரெண்டு கும்பிடலையும் பக்கத்திலை வைச்சுப் பாக்கவே ஏலாது. மன்னாரிலை இருக்கிற கத்தோலிக்க மடுமாதாவுக்கு நேர்த்தி வைக்கிற எங்கட சைவச் சனத்தைப் பரபக்கத்திலை போடுவியளோ, சொந்தச் சமயத்தைச் சொல்லுற சுபக்கத்திலை போடுவியளோ?

நெடுங்கேணிச்சைவன்:
நல்ல கேள்வி. ஆனா மடுவுக்குப் போற தாய் பிள்ளையின்ரை சுகத்துக்குப் போறா. மாதா கேப்பா எண்டு அவவுக்குத் தெரியும். அதை விட்டுப்போட்டு அவ ஏன் போறா எண்டதை எப்பிடி விளங்கப்படுத்துவியள்?

மன்னார்ச்சகோதரன்:
நான் கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றிற குருமடத்திலை இறையியல் படிச்சவன். விசுவாசம் விளக்கத்தைத் தேடுது எண்ட, இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் அன்செல்மின்ரை வழிதான் எங்கட அடித்தளம். ஆனாலும் வேதாகம நூல்களை ஆர், எப்ப எழுதினது எண்ட வரலாற்று ஆய்வையும் அதே வகுப்பிலை படிச்சம், விசுவாசம் கெடேல்லை. தங்கச்சி, நம்புறவள் எண்டதை முன்னுரையிலை வெளிச்சமா எழுதுங்கோ. அத்தியாயத்திலை ஆர் தண்ணி வார்க்கிறது, திரி என்ன, ஆர் கிட்ட நிக்கலாம், ஆர் நிக்கேலாது எண்டு ஒண்டும் விடாமல் எழுதுங்கோ. அப்ப "அற்புதம்", "கருதுவர்" ரெண்டுமே தேவைப்படாது.

நெடுங்கேணிச்சைவன்:
முன்னுரையோடை நம்பிக்கையை நிப்பாட்டிறது எனக்குச் சரிவராது. பிள்ளை, ஆச்சியவை சொன்னதை அவையின்ரை வசனத்திலையே போடு. பின்னிணைப்பிலை போடாதை, அத்தியாயத்துக்குள்ளையே போடு.