புதுப்பிப்பு: சினைப்பை நீர்க்கட்டி, இரண்டாவது ஸ்கேன் ரிசல்ட்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வயது 29, இடது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி, ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டிருந்தேன். மாதவிடாய் முடிந்த கையோடு மறுபடி ஸ்கேன் பாருங்கள் என்று குடியாத்தத்து அக்கா சொன்னதுதான் பலித்தது. காட்பாடி டாக்டரம்மாவும் உள்ளே வெறும் நீர்தான், கெட்டியாக எதுவும் இல்லை, இந்த மாதிரி கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வடிந்துவிடும் என்றார். வடிந்துவிட்டது, மாத்திரைகூட இல்லை.

எதிர்பாராதது, வலது பக்கம் 5, 6 மி.மீ. அளவில் சில இருப்பதாக ரிப்போர்ட்டில் பார்த்துப் பதறியது. அவை கட்டியே இல்லையாம், முட்டை வளரும் பைகள், அதில் ஒன்று சுமார் 20 மி.மீ. வரை வளர்ந்து வெடித்துத்தான் முட்டை வெளியே வரும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்!

அப்புறம், காத்திருக்கும்போது திடீரென அடிவயிறு தாங்கமுடியாமல் வலித்து வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.