பிரிந்துபோன அதிரசமும் தவலைக்குப் பின்னால் இருந்த மாவும்

மருதாணி, வேலூர்

நோன்பு எடுக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு நான் எழுதப் போவதற்கு முன்னுரை தேவைப்படாது. என் பிறந்த வீட்டில் கேதார கௌரி நோன்பு கிடையாது. தீபாவளி என்றால் முறுக்கும் சோமாசியும் செய்வதோடு சரி. புகுந்த வீட்டில் ஐப்பசி அமாவாசைக்கு 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 இழையில் நோன்புக் கயிறு என்று எல்லாமே கணக்கு. திருமணமாகி வந்த முதல் தீபாவளிக்கே, "இந்த வருஷம் பாகு நீயே எடும்மா" என்று அத்தை சொல்லிவிட்டார். மாவை இடித்துச் சலித்து வைத்ததும் வெல்லத்தை உடைத்துக் கொடுத்ததும் அவர்தான். கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டு, அது விரலில் உருண்ட பிறகே நான் வாணலியை இறக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பாகைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடியும் தட்டத் தொடங்கினார்.

நோன்பன்று காலை ஓரகத்தியும் நாத்தனாரும் வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். வாழையிலையில் தட்டி எண்ணெயில் விட்ட முதல் அதிரசம் மேலே எழும்பவே இல்லை. நடுவில் விரிசல் விட்டு, ஓரங்கள் கரைந்து, வாணலி முழுவதும் பழுப்புத் துகள்களாக நுரைத்துப் பொங்கியது. அடுத்ததும் அப்படியே பிரிந்தது. "நோன்பு நாளில் இப்படிப் பிரியக் கூடாதே" என்று நாத்தனார் சொல்லி முடிப்பதற்குள் அத்தை எழுந்து போய், உள்ளறையில் அரிசித் தவலைக்குப் பின்னால் இருந்து மூடி போட்ட ஒரு தூக்கை எடுத்து வந்தார். அதற்குள் இருந்தது அவர் இடித்து வைத்த அதே மாவு. ஆனால் ஈரமாக இல்லை, வெயிலில் காயவைத்து மறுபடியும் சலித்திருந்தது. அதைத் தூவிப் பிசைந்து, சிறிது நேரம் மூடிவைத்துச் சுட்டதில் 21 அதிரசமும் குறையில்லாமல் வந்தன.

ஈர மாவு கெட்டுப்போகும் என்று காயவைத்திருக்கிறார் என்றால், பாகு இறக்கிய அன்றே இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாகை மறுபடியும் அடுப்பில் ஏற்றியிருக்கலாமே? இன்றுவரை ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், எத்தனையோ பேசுகிறோம். இதை மட்டும் கேட்க வாய் வருவதில்லை.

நெய்க்கரண்டி, காஞ்சிபுரம்

மருதாணி அவர்களே, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? அதிரசத்துக்கு மாவு இடிக்கும் எந்த வீட்டிலும் ஒரு பிடி மாவைத் தனியே எடுத்து வைப்பது வழக்கம்தான். பாகு இளகினால் தூவிக்கொள்ளலாம், இளகாவிட்டால் மறுநாள் கொழுக்கட்டைக்கு ஆகும். உங்கள் அத்தை உங்களைச் சோதித்தார் என்பது போல நீங்கள் எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொல்லாமல் இருப்பது கொடுமை என்று நினைப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கும் மாமியாரிடம் அகப்பட்டதில்லை. என் மாமியார் நான் பாகைக் கிளறக் கிளற, "தீயைக் குறை", "இப்போது கூட்டு", "போதும், இறக்கு", "அதற்குள் ஏன் இறக்கினாய்" என்று நான்கு பக்கமும் நின்று பேசுவார். ஒருமுறை மாவைக் கொட்டும் நேரத்தில் என் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினார். கொதிக்கும் பாகு தெறித்து என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. வெல்லப் பாகு தெறித்தால் வெந்நீரைப் போல வழிந்து போகாது, பட்ட இடத்திலேயே இருந்துகொண்டு சுடும். நான் குழாயடிக்கு ஓடினேன். அவர் துடுப்பை நிறுத்தாமல் கிளறிக்கொண்டே, "பாகு முறுகிப் போகும், சீக்கிரம் வா" என்றார். இப்போதும் தழும்பு இருக்கிறது. அன்று வந்த அதிரசம் மிக நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வாய் திறக்காத மாமியார் கிடைத்தவர் கொடுத்து வைத்தவர்.

மருதாணி, வேலூர்

கையில் பாகு பட்ட செய்தி வருத்தமளிக்கிறது. ஆனால் ஒரு பிடி மாவு என்றால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். அந்தத் தூக்கில் இருந்தது அரைப்படிக்கு மேல். வழக்கத்துக்காக எடுத்து வைக்கும் மாவை யாரும் காயவைத்துச் சலித்து, கண்ணில் படாத இடத்தில் மூடி வைப்பதில்லை.

சுக்குப்பொடி, தேனி

மாமியார் மருமகள் வழக்குக்குள் நான் வரவில்லை. எங்கள் வீட்டில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. என் அக்கா எடுத்த பாகு முற்றிப்போய், அதிரசம் கல்லாகிவிட்டது. எங்கள் தாத்தா பல் இல்லாதவர். பேத்தி மனம் நோகக் கூடாது என்று அதைக் காப்பியில் முக்கி முக்கி, தீபாவளி முடிந்து வெகுநாள் வரையில் ஒன்றுகூட மீதம் வைக்காமல் தின்று தீர்த்தார். அக்கா இன்று அந்தத் தெருவுக்கே அதிரசம் செய்து கொடுக்கிறார்.

இங்கே யாருமே முறையைச் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். குற்றம் பாகில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் குற்றம் மாவில்தான் இருக்கும். மாவு பச்சரிசியைக் கழுவி 2 மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். வெயிலில் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். கையால் அள்ளினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் அரிசி விரலில் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அந்த நிலையில் இடிக்கவோ அரைக்கவோ வேண்டும். மில்லுக்குக் கொடுப்பவர்கள் தங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மிளகாய்த்தூளுக்குப் பின்னால் அரைத்த அதிரச மாவை நான் தின்று பார்த்திருக்கிறேன். அரைத்த மாவு சூடாக இருக்கும். உடனே பரப்பி ஆறவிட்டுச் சலித்து, பிறகு ஈரம் போகாமல் அழுத்தி மூடி வைக்க வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்.

ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போதும். கடையில் பாகு வெல்லம் என்றே கேட்டு வாங்குங்கள். வெளுப்பாக இருப்பதை விட்டுவிட்டுக் கருத்ததை எடுங்கள். வெல்லம் மூழ்கும் அளவுக்குக்கூட நீர் வேண்டாம். கரைந்ததும் வடிகட்டி, மண்ணை நீக்கி, மறுபடியும் கொதிக்கவிட வேண்டும். நீரில் விட்ட சொட்டு கரையாமல் திரண்டு, எடுத்து உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும்; கிண்ணத்தில் தட்டினால் சத்தம் கேட்குமானால் அது முற்றிய பாகு, கடலை உருண்டைக்குத்தான் ஆகும். அடுப்பை அணைத்த பிறகு சுக்கும் ஏலமும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். கெட்டியாக வரும்வரை மாவைக் கொட்டிக்கொண்டே போவதுதான் பெரும்பாலோர் செய்வது, அது கூடாது. கரண்டியிலிருந்து மெல்ல நழுவி விழும் பதத்திலேயே நிறுத்த வேண்டும், ஏனென்றால் ஆற ஆற மாவு பாகை இழுத்துத் தானே இறுகும். மேலே நெய் தடவி, துணி கட்டி, குறைந்தது ஒரு நாளாவது வைத்திருங்கள்.

சுடும்போது எண்ணெய் மிதமாகக் காய்ந்திருந்தால் போதும். மிஞ்சினால் மேலே கறுத்து உள்ளே மாவாக நிற்கும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிய வேண்டும். இறுகிவிட்ட மாவுக்குச் சூடான பால் தெளித்துப் பிசையலாம். இளகிய மாவுக்கு மருதாணியின் அத்தை செய்ததுதான் வைத்தியம்.

கோண்டாவிலாள், யாழ்ப்பாணம்

நீங்கள் அதிரசம் என்பதை நாங்கள் அரியதரம் என்போம். வெல்லத்துக்குப் பதிலாகச் சீனிப்பாகில் செய்வோம். கலியாண வீடென்றால் சில நாட்களுக்கு முன்னரே பலகாரச் சூடு நடக்கும்; உறவுப் பெண்களெல்லாம் வந்து விடிய விடியச் சுடுவார்கள். பயற்றம் பணியாரமும் முறுக்கும் யாரும் சுடலாம், அரியதரத்துப் பாகு மட்டும் ஒருவர் கையில்தான் இருக்கும்.

என் அக்காவின் கலியாணம் 1990களின் தொடக்கத்தில் நடந்தது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது என்பதால், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு எரித்த காலம் அது. அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் இருப்பவரின் முகமே சரியாகத் தெரியாது. பாகின் நிறத்தை எங்கே பார்ப்பது? பெரியம்மாவுக்கோ இரண்டு கண்ணிலும் புரை. அவர் தாச்சிக்கு முன்னால் பலகையைப் போட்டு அமர்ந்து, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பாகு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் சளசளவென்று கேட்டது மெல்ல மெல்லக் கனத்து, குமிழி ஒவ்வொன்றாக உடையும் சத்தமாக மாறியபோது, "இப்ப இறக்கு பிள்ளை" என்றார். சுடும்போதும் அப்படித்தான்: தேங்காய் எண்ணெயின் இரைச்சல் அடங்கியதும் எடுக்கச் சொல்வார், நான் அகப்பையால் அள்ளுவேன். காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது கடகம் நிறைய ஒரே நிறத்தில் இருந்தன. ஒன்றுகூடக் கருகவில்லை.

மருதாணி தங்கச்சி, பழகிய கைக்காரர்களுக்குத் தெரிவது எல்லாம் அவர்களால் சொல்லக்கூடியதாக இருப்பதில்லை. பெரியம்மாவிடம் எந்தச் சத்தத்தில் இறக்குவது என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "கேட்டால் விளங்கும்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை.

கணக்கன், கோயம்புத்தூர்

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதிரச மாவைக் கிளறுவது என் பொறுப்பு. கை வலிக்கிறது என்று மனைவி கொடுத்த வேலை, இப்போது நிரந்தரமாகிவிட்டது. இத்தனை பேர் விரலையும் காதையும் நம்பிச் சிரமப்படுவது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இனிப்புக் கடைகளில் பயன்படுத்தும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொண்டால், பாகு 112 முதல் 116 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்போது இறக்கிவிடலாம். நீரில் உருளும் பதம் என்று நீங்கள் சொல்வது அந்த வெப்பநிலைதான். பாகிலுள்ள நீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறும். அவ்வளவுதான் இதிலுள்ள இரகசியம். இதற்கு மாமியாரும் வேண்டாம், தவலைக்குப் பின்னால் தூக்கும் வேண்டாம்.

நெய்க்கரண்டி, காஞ்சிபுரம்

கணக்கன் அவர்களே, மாவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று உங்கள் வெப்பமானி சொல்லுமா? ஒரே பாகு ஈரம் மிஞ்சிய மாவுக்கு இளகும், காய்ந்த மாவுக்கு இறுகும். ஆகவே மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாகை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். மேலும் அரை வாணலிப் பாகில் வெப்பமானியின் நுனி அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது காட்டுவது வாணலியின் சூட்டை. நோன்புக்குப் படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது என்பதால், எங்களுக்கு இருப்பது கண்ணும் கையும்தான்.

மருதாணி, அரைப்படி என்பதைப் படித்த பிறகு நானும் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஒருவேளை ஓரகத்தியும் நாத்தனாரும் வந்து உட்காருவார்கள் என்று தெரிந்தே அவர் அதைத் தயாராக வைத்திருக்கலாம். முன்கூட்டியே மாவைத் திருத்தி வைத்திருந்தால், பாகு அவரே எடுத்தது என்று அவர்கள் பேசியிருப்பார்கள் அல்லவா?

மாடிவீடு, சென்னை

நான் பாகே எடுப்பதில்லை. வேலைக்குப் போய் வருவதற்குள் இருட்டிவிடும். எங்கள் பகுதியில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினர் அதிரச மாவைப் பதமாகக் கிளறி, கிலோ கணக்கில் விற்கிறார்கள். போன தீபாவளிக்கு அதை வாங்கி வந்து, நெகிழி உறையிலிருந்து எடுத்து, எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மேலே நெய் தடவி வைத்திருந்தேன். டப்பாவில் போட்டதற்குக் காரணம் எறும்புதான், வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை.

ஊரிலிருந்து வந்த மாமியார் டப்பாவைத் திறந்தார். ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய குழி மெல்ல மேலே எழுவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பாகு என் அம்மா எடுக்கிற மாதிரியே வந்திருக்கு" என்றார். திருமணமாகி வந்த நாள் முதல் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. என் கணவர் வாயைத் திறக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

இந்த ஆண்டு தன் தங்கைக்கும் சேர்த்து 2 கிலோவுக்குப் பாகு எடுத்து வைக்கும்படி போன வாரம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அதோடு, பாகு எடுக்கும் அன்று கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று முன்னதாகவே கிளம்பி வருகிறாராம். சுக்குப்பொடி அவர்கள் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்றீர்களே, அது ஊறவைப்பதற்கு முன்னால் உள்ள எடையா, பின்னால் உள்ள எடையா?