போகிக்கு நெருப்பு மூட்டலாமா? நெஸ் பெர்ஸ் ரிசர்வேஷனில் எங்கள் அனுபவம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பழங்குடி ரிசர்வேஷன் (பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலப்பகுதி) எல்லைக்குள் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தங்கை போன வாரம் இங்கே கேட்டிருந்தார்: தோட்டத்துச் சருகையும் கிளைகளையும் பின்கட்டில் எரிக்கலாமா, போகிக்கு நெருப்பு வைக்கலாமா என்று. நாங்கள் கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில், நெஸ் பெர்ஸ் இனத்தவரின் ரிசர்வேஷனுக்குள் சில வருடங்களாகக் குடியிருக்கிறோம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், மற்றவர்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்கள் வீட்டுப் பத்திரம் எங்கள் பெயரில் இருக்கிறது, வரி கவுண்டிக்கு (மாவட்ட நிர்வாகத்துக்கு)ப் போகிறது. அதனால் பழங்குடி அரசின் விதி நமக்கில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். வீட்டை முடித்துக்கொடுத்த ஏஜென்ட்டும் அப்படித்தான் அடித்துச் சொன்னார். ஆனால் எரிப்பு விதி பத்திரத்தைப் பார்ப்பதில்லை, எல்லையைப் பார்க்கிறது. அமெரிக்க அரசோடு செய்த 1863 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்குள் நிலம் யாருடையதாக இருந்தாலும் விதி ஒன்றுதான். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே பத்திரம் கிடைப்பதே ஒரு பழைய அநியாயத்தால். 1887-ல் ஒரு சட்டம் போட்டு, பழங்குடியினரின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தார்கள். மிச்சத்தை 1895-ல் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அதனால் இன்று வரைபடத்தில் ஒரு கட்டம் அவர்களுடையது, அடுத்த கட்டம் வேறு யாருடையதோ. புகைக்கு இந்தக் கட்டமெல்லாம் தெரியாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-ல் வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ மாநிலங்களிலுள்ள 39 ரிசர்வேஷன்களுக்குக் காற்று விதிகளைக் கொண்டுவந்தது. எதை எரிக்கக் கூடாது, எப்படி எரிக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொது. அதன்படி சின்னக் குவியலுக்குக்கூட முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டிய இடங்கள் இரண்டு: நெஸ் பெர்ஸ், ஆரிகனிலுள்ள யுமட்டில்லா. எங்கள் பக்கம் பெர்மிட் கொடுப்பது பழங்குடி அரசின் காற்றுத்தரப் பிரிவு. லாப்வே ஊரில் இருக்கிறார்கள்.

விண்ணப்பம் சுலபம். எரிப்பதற்குக் குறைந்தது ஒரு வேலைநாள் முன்பாகக் கொடுக்க வேண்டும். குவியல் எத்தனை அடி நீளம், அகலம், உயரம், அதில் என்னென்ன இருக்கிறது, தண்ணீர் பக்கத்தில் உண்டா, பொறுப்பாக நிற்பது யார், எத்தனை நேரம் எரியும். நான் "கொஞ்சம் கிளைதான்" என்றேன். "கொஞ்சம் என்றால் பிக்கப் வண்டியில் ஒரு லோடா, மூன்று லோடா?" என்று கேட்டார் அந்தப் பிரிவிலிருந்து போனில் பேசிய அம்மா. டேப் எடுத்துக்கொண்டுபோய் அளந்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன்.

அந்தக் குவியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எரிப்பில் முக்கால்வாசி வேலை தீக்குச்சி உரசுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு பிளம் மரம் காற்றில் விழுந்திருந்தது, அதோடு பைன் ஊசிச் சருகும் இருந்தது. புல்லின் மேல் அப்படியே கூட்டக் கூடாது. புல்லைச் செதுக்கி வெறும் மண் தெரிய வேண்டும், குவியலைச் சுற்றிலும் அகலமாக. குவியலைத் தார்பாய் போட்டு மூடி வைக்கச் சொல்கிறார்கள். ஈரக் கிளைதான் வெள்ளைப் புகையாகக் கக்கும். காய்ந்தது சீக்கிரம் எரிந்து முடியும், புகையும் குறைவு.

அந்த வழியாகப் போன ஒரு அலுவலர் ஒரு நாள் வண்டியை நிறுத்திக் குவியலைப் பார்த்தார். பூட்ஸ் காலால் கிளறிவிட்டு, உள்ளே கையை விட்டு ஒரு பலகையை உருவினார். வந்திருந்த என் மாமனார், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன வேலிப் பலகைகளையும் மரம்தானே என்று சேர்த்திருக்கிறார். அலுவலர் பலகையின் வெட்டு முனையைக் காட்டினார். ஓரமெல்லாம் லேசான பச்சை, மேலே உளி வைத்துக் குத்தியதுபோல வரிசையாகக் கீறல்கள். பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரமாம். 2003 வரை வீட்டு உபயோகப் பலகையிலும் ஆர்சனிக் கலந்த மருந்துதான் ஏற்றியிருக்கிறார்கள். எரித்தால் அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். மாமனார் அசரவில்லை. "ஊரில் இதைப் போட்டுத்தான் வெந்நீர் வைத்தோம்" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

தடைப் பட்டியல் பெரியது. வீட்டுக் குப்பை, பிளாஸ்டிக், தெர்மாகோல், டயர், தார் ஷீட், பெயின்ட், பூச்சிமருந்து, உறையோடு கூடிய மின்கம்பி, பேட்டரி, வீடு இடித்த கழிவு, செத்த விலங்கு எல்லாம் அதில் உண்டு. தனி வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக் காகிதம், அட்டையை அங்கேயே எரிப்பதற்கு மட்டும் சலுகை இருக்கிறது.

அப்புறம், இரண்டு அனுமதி விஷயம். இதைத்தான் புதிதாக வருபவர்கள் யாரும் புரிந்துகொள்வதில்லை. லாப்வேயில் தருவது புகைக்கான பெர்மிட், வருடம் முழுக்கத் தேவை. ஐடஹோ மாநில நிலத்துறை தருவது தீப் பரவாமலிருப்பதற்கான பெர்மிட். மே 10 முதல் அக்டோபர் 20 வரை ஊர் எல்லைக்கு வெளியே அதுவும் வேண்டும், இலவசம், எடுத்தால் 10 நாள் செல்லும். ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. கோடையில் எரிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. 2015 ஆகஸ்டில் இதே ஆற்றங்கரையில் காமியாய் ஊரைச் சுற்றிக் காட்டுத்தீ வீடுகளை வாரிக்கொண்டு போனதை இங்கே இருப்பவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

பெர்மிட் கைக்கு வந்த பிறகும் எரிக்க முடியாது. அன்று காலையில் அழைத்து "இன்று எரிக்கலாம்" என்ற பதில் வர வேண்டும். அக்டோபர் முடிவில் நான் அழைத்த நாள் வானம் துடைத்துவிட்டது போல நீலம், இலைகூட அசையவில்லை. இதைவிட நல்ல நாள் ஏது என்று நினைத்தேன். "இன்று வேண்டாம்" என்றார்கள். காரணம் கேட்டேன். காற்று அசையாததுதான் காரணமாம். எங்கள் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று அடியில் தங்கி, வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோல நின்றுவிடும். புகை மேலே ஏறாது. ஆற்றோரமாகவே படர்ந்து, லாப்வே பள்ளிக்கூடத்து வாசல்வரை போய் நிற்கும். தீயணைப்புக்காரருக்குக் காற்று கூடாது, புகை பார்ப்பவருக்குக் காற்று வேண்டும். இரண்டு பேரும் தலையாட்டும் நாள் வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் எனக்கு எரிச்சல் வந்தது உண்மை, ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

நாள் வந்தது. முந்தின இரவு தூறல், காலையில் மெல்லிய காற்று. ஹோஸ் பைப்பை நீட்டி வைத்து, மண்வெட்டியும் வாளியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னதாக மூட்டி, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். மொத்தக் குவியலையும் ஒரே மூச்சில் கொளுத்தாதீர்கள். எரிந்து முடிந்ததும் கனன்றுகொண்டே கிடக்க விடக் கூடாது என்பதும் விதி. தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் புரட்டி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்க்க வேண்டும். மேலே சில்லென்று இருந்தது, ஒரு சாண் கீழே தோண்டினால் சுட்டது.

எனக்கு "இன்று வேண்டாம்" என்று சொன்ன அதே நாளில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கொல்லையில் நெருப்பு எரிந்தது. அவர் நெஸ் பெர்ஸ் இனத்தவர். கற்களைப் பழுக்கக் காய்ச்சி வியர்வைக் குடிலுக்குள் எடுத்துப்போய்த் தண்ணீர் தெளிப்பார்கள், அது வழிபாடு. சடங்குக்கும் மரபுக்குமான நெருப்புக்குப் பெர்மிட் தேவையில்லை, காற்று மோசமாகும்போது அறிவிக்கும் எரிப்புத் தடை நாளிலும் விலக்கு உண்டு. எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, "அவருக்கு மட்டும் எப்படி?" என்று முணுமுணுத்தார். 1883-ல் வந்த அரசு விதிகளில் இவர்களுடைய சடங்குகளே குற்றம் என்று எழுதியிருந்தார்கள். அதை நினைத்தால் இந்த ஒரு விலக்கு பெரிய சலுகையாகத் தெரியவில்லை. பெரியவரோ சடங்குக்கு வேண்டிய விறகை மட்டுமே எரிக்கிறார், அதுவும் நன்றாகக் காய்ந்தது.

இப்போது போகி. ஜனவரியில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். பக்கத்திலிருந்த என் மனைவி, "இதுவும் பாரம்பரியம்தான், அந்த விலக்கில் வராதா என்று கேளுங்கள்" என்றாள். அந்த அம்மா பொறுமையாக, "என்ன எரிப்பீர்கள்?" என்றார். பழைய பாய், கிழிந்த துணி, துடைப்பம் என்று சொன்னேன். பாயில் பிளாஸ்டிக் இழை, துணியில் பாலியஸ்டர். "உங்கள் பாட்டி காலத்துப் பாயில் இதெல்லாம் இருந்ததா?" என்று கேட்டார். பதில் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த விறகில் சின்ன நெருப்பு என்றால் குளிர்காய்வது போலத்தான், அதற்குப் பெர்மிட் வேண்டாம், ஆனால் அன்று எரிப்புத் தடை இருக்கக் கூடாது என்றார். விலக்கைப் பற்றி நான் மேற்கொண்டு வாதாடவில்லை. அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்த பிறகு அதில் நுழைந்து இடம் பிடிக்க மனம் வரவில்லை.

அந்த வருடம் போகியன்று தடை. பழைய சாமான்களைக் கழிவு மையத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். மாமனார் சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த போகி மேளத்தைப் பிள்ளைகள் நெருப்பே இல்லாமல் விடிய விடிய அடித்தார்கள். அதற்கு யாரிடமும் பெர்மிட் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரர் முகம் சொன்னது.

யகிமாவிலிருந்து ஒருவர்:

அண்ணா சொன்ன தடை விஷயம் எங்கள் பக்கம் இன்னும் கடுமை. வாஷிங்டன் மாநிலத்தில், யகிமா ஊருக்குப் பக்கத்திலுள்ள யகாமா இனத்தவரின் ரிசர்வேஷனில் குளிர்காலத்தில் தடை அடிக்கடி வரும். அப்போது தோட்டக் குப்பை, வயல் எரிப்பு மட்டுமல்ல, முகாம் நெருப்பும் குளிர்காயும் நெருப்பும் கூடாது. சடங்கு நெருப்புக்கு மட்டும் விலக்கு. வீட்டில் வேறு சூடு இருந்தால் விறகடுப்பையும் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்கள்.

எந்தக் கணக்கில் தடை போடுகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்தேன். காற்றிலுள்ள நுண்துகளுக்கான தேசிய வரம்பில் 75 சதவீதத்தைத் தொட்டாலே அறிவிக்கலாம். ஒரு நாள் சராசரிக்கு வரம்பு கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம், அதாவது 26 வாக்கில் போகும்போதே மணி அடித்துவிடும்.

இங்கே வாப்பட்டோ ஊரில் ஒரு நண்பர் வீட்டுப் பிறந்தநாள். பின்கட்டில் இரும்புத் தொட்டியில் நெருப்பு மூட்டி, பிள்ளைகள் மார்ஷ்மெல்லோ வாட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் தடை அறிவித்தது யாருக்கும் தெரியாது. ரோந்து வண்டியில் வந்தவர் இறங்கி, யாரையும் விரட்டாமல், இரண்டு வழி சொன்னார்: உடனே அணையுங்கள், இல்லையென்றால் இனி ஒரு கட்டைகூடப் போடாமல் அதுவாக அடங்க விடுங்கள். விதியே அப்படித்தான் இருக்கிறதாம். பிள்ளைகள் இருந்ததால் நண்பர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அடங்கும்வரை அவரும் நின்றார், ஒரு தட்டு பிரியாணியும் சாப்பிட்டார்.

குளிர்காலம்தானே, தீ பரவாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2011 பிப்ரவரியில் இதே ரிசர்வேஷனில் ஒயிட் ஸ்வான் ஊரில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் பிடித்த தீ, பலத்த காற்றில் பரவிச் சுமார் 20 வீடுகளை எரித்தது.

பெண்டில்டனிலிருந்து ஒருவர்:

நான் யுமட்டில்லா பக்கம். எங்கள் குத்தகை வீட்டுக்குப் பின்னால் ஒருவர் பீப்பாய்க்குள் மின்கம்பிகளைப் போட்டு எரிப்பார், உறை உருகினால் தாமிரம் கிடைக்கும் என்று. கறுப்புப் புகை, தொண்டையில் கசக்கும். என் பையனுக்கு இழுப்பு உண்டு. வீட்டுக்காரரிடம் சொன்னேன், "அது அவர் இடம்" என்றார். காற்றுத்தரப் பிரிவுக்குப் போன் செய்தேன். மறுநாள் வந்து பார்த்தார்கள், பீப்பாய் போனது. புகார் செய்தது யார் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது, இப்போது வணக்கம் சொல்வதில்லை. பரவாயில்லை.

கேட்க நினைத்தது: பெர்மிட்டைப் போனில் காட்டினால் போதுமா?

முதலில் எழுதியவர்:

எரிக்கும் இடத்திலேயே நகல் இருக்க வேண்டும் என்கிறது விதி. எங்கள் ஆற்றங்கரையில் சிக்னல் போய்ப்போய் வரும், அதனால் நான் அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாளியோடு வைத்துவிடுவேன். உறையை நெருப்பில் போட்டுவிடாதீர்கள், அதுவும் பட்டியலில் இருக்கிறது.